வேண்டுதல் இல்லாத மலைகள்

இப்போதெல்லாம் மலை ஏறுவதற்கென்றே தனியாக ஒரு செருப்பு விற்கிறார்களாம். பக்கத்து வீட்டுப் பெண் வாங்கி வந்து காட்டினாள். அதன் கனத்தைப் பார்த்தால் அதைத் தூக்கிக்கொண்டு ஏறுவதே ஒரு வேலையாக இருக்கும் போலிருந்தது. நீங்கள் திருத்தணியில் இருந்தவராயிற்றே, ஒரே நாளில் போய்விட்டு வருகிற மாதிரி அந்தப் பக்கம் எந்த மலை நன்றாக இருக்கும் என்று கேட்டாள். தை மாதத்துக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று, சீத்தாப்பழக் காலத்துக்கு ஒன்று, மழை விட்டதும் ஒன்று என்று நான் சொல்லச் சொல்ல அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். மாடிப்படிக்கே மூச்சு வாங்குகிறவள் இத்தனை மலை எதற்காக ஏறினாள் என்று அவளுக்கு ஆச்சரியம். வாய் விட்டே கேட்டுவிட்டாள். என் புருஷனோடு பேசுவதற்காக ஏறினேன் என்றேன். வேடிக்கை பண்ணுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் மணவூரிலிருந்து திருத்தணிக்கு மருமகளாக வந்தேன். வீட்டில் அத்தை, மாமா, என் வீட்டுக்காரர், நான் என்று நாலே பேர். அவர் அரக்கோணத்தில் ரயில்வே கூட்ஸ் ஆபீசில் குமாஸ்தா. காலை வண்டிக்குப் போய் சாயங்கால வண்டிக்குத் திரும்புவார். பெரியவர்கள் எதிரில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ளக் கூடாது. இது யாரும் போட்ட சட்டமில்லை. அத்தையும் மாமாவும் அப்படித்தான் இருந்தார்கள், அவர்களுக்கு மேலே இருந்தவர்களும் அப்படித்தான் இருந்திருப்பார்கள், அவ்வளவுதான். அவருக்கு வெந்நீர் வேண்டுமென்றால் அத்தையிடம் சொல்வார், அத்தை என்னிடம் சொல்வார், நான் வைத்துவிட்டு அத்தையிடம் சொல்வேன். ஒரு குடம் வெந்நீருக்கு இத்தனை பேர் உழைத்தோம்.

ராத்திரி பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் அறைக்கும் அத்தை படுக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்தது ஒரு மூங்கில் தட்டி. நான் புரண்டு படுத்தால், தூக்கம் வரலியா என்று அந்தப் பக்கமிருந்து அக்கறையாக விசாரிப்பார். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியும் என் புருஷனுக்கு எந்தக் கறி பிடிக்கும் என்பதை அத்தை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதுவும் தப்பு என்று பிற்பாடு தெரிந்தது.

திருத்தணியில் மலை என்றால் ஒரே மலைதான். அதன் மேல் சாமி இருக்கிறார். காவடி எடுத்தால் ஏறுவார்கள், மொட்டை போட ஏறுவார்கள், நினைத்தது நடந்தால் ஏறுவார்கள், நடக்காவிட்டாலும் ஏறுவார்கள். சுற்றிலும் இருக்கிற மற்ற குன்றுகளை மலையென்று யாரும் சேர்த்துக்கொள்வதில்லை. அங்கே ஆடு ஏறும், ஆடு மேய்க்கிறவர் ஏறுவார், விறகு பொறுக்குகிறவர்கள் ஏறுவார்கள். புத்தி சரியாக இருக்கிற மனுஷன் சாமி இல்லாத மலையில் ஏற ஒரு காரணமும் கிடையாது.

என் வீட்டுக்காரருக்கு இந்த விஷயத்தில் ஒரு கோளாறு. தினமும் ரயில் ஜன்னல் வழியாக இந்தக் குன்றுகளைப் பார்த்துக்கொண்டே போய் வந்து, அவற்றின் மேலே நின்றால் என்ன தெரியும் என்ற ஆசை அவருக்குள் புகுந்துவிட்டது. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கல்யாணம் பண்ணி வைத்தும் இவனுக்குச் சரியாகவில்லையே என்றிருப்பார்கள்.

ஒரு தை மாதம், ஞாயிற்றுக்கிழமை, மலைக்குப் போய்விட்டு வருகிறோம் என்று அத்தையிடம் சொன்னார். அத்தைக்குப் பரம சந்தோஷம். தேங்காய், கற்பூரம், வெற்றிலை பாக்கு, மத்தியானத்துக்குப் புளிச்சோறு எல்லாம் கட்டிக் கொடுத்தார். தெருவில் வழக்கம்போல அவர் முன்னால் போக, நாலு வீடு பின்னால் நான் போனேன். படிக்கட்டு வந்தது. அவர் படிக்கட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். ஏரிக்கரையில் இறங்கி, முள்வேலி ஓரமாகத் திரும்பி, எதிர்ப் பக்கத்து மொட்டைக் குன்றைப் பார்த்து நடந்தார். கோயில் அந்தப் பக்கமாயிற்றே என்றேன். நானாக அவரிடம் பேசிய முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்கும். தெரியும் என்றார். நடையை நிறுத்தவில்லை. இவரை நம்பிப் போகலாமா என்று எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

பாதி ஏறியதும் ஊர்ச் சத்தம் அடங்கிவிட்டது. அங்கே நின்று திரும்பிப் பார்த்தார். கீழே ஒருவரும் இல்லை என்று தெரிந்ததும் பேச ஆரம்பித்தவர்தான், உச்சிக்குப் போய்ச் சேரும் வரை நிறுத்தவில்லை. அவர் ஆபீஸ் பெரிய குமாஸ்தா மூக்குப்பொடி போட்டுக்கொண்டு தும்மலுக்குக் காத்திருப்பதை நடித்துக் காட்டினார். சின்ன வயதில் ரயில் டிரைவராகப் போகவேண்டும் என்று அழுததைச் சொன்னார். வடக்கே நகரி மலை மூக்கும் முகமுமாகத் தெரிந்தது. அதைக் காட்டி, கடலில் வருகிற கப்பல்காரர்கள் அந்த மூக்கைத்தான் அடையாளம் பார்ப்பார்களாம் என்றார். தைப் பனியில் ஏரிகள் ஒவ்வொன்றாக வெயிலுக்கு விழித்துக்கொண்டிருந்தன. ரயில் பாதை அறுப்பு முடிந்த வயல்களுக்கு நடுவே நேராக ஓடியது. எதிரே எங்கள் ஊர் மலையும் கோபுரமும் எங்கள் கண் மட்டத்துக்கே வந்துவிட்டன. நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. இவருக்கு இவ்வளவு பேச்சு வருமா என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர் என்னைப் பார்த்து, நீ சொல்லு என்றார். எதைச் சொல்வது? கேட்டதற்கு ஆமாம், இல்லை என்று சொல்லிப் பழகிய வாய். யோசித்து, அத்தை வைக்கிற பருப்பில் பெருங்காயம் ஜாஸ்தி என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் பாறைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த ஆடு எழுந்து ஓடியது. தேங்காயை ஒரு பாறையில் உடைத்தோம். சாமி இல்லாததால் நாங்களே தின்றோம். இறங்கும்போது பாதை குறுகல்தான், ஆனாலும் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இறங்கினோம். ஏரிக்கரை வந்ததும் அவர் வாய் மூடிக்கொண்டது, நான் நாலு வீடு பின்னால் தங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. விறகு பொறுக்குகிற அம்மா ஒருத்தி எங்களைப் பார்த்திருக்கிறாள். உங்க பிள்ளையும் மருமகளும் மொட்டைக் குன்றில் ஏறித் தேங்காய் உடைத்தார்கள் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். நாங்கள் உள்ளே நுழைந்தபோது அத்தை கூடத்தில் உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் உண்மையைச் சொல்வதற்காக வாயைத் திறந்தார். அத்தை கையைக் காட்டி நிறுத்தினார்.

"சொல்லாத. இன்னா வேண்டிகினீங்கன்னு எங்கிட்ட சொல்லவே சொல்லாத. வெளியே சொன்னா பலிக்காது."

ஒரு வருஷமாகியும் எனக்கு வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. அத்தை தன் கணக்கைப் போட்டு முடித்துவிட்டார். யாரோ அந்தக் குன்றின் மகிமையைச் சொல்லியிருக்கிறார்கள், சின்னஞ்சிறுசுகள் வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் போயிருக்கிறார்கள். சாமி இல்லாத இடத்துக்குப் போவார்களா? நமக்குத் தெரியாத சாமி ஏதோ இருக்கிறது. நாங்கள் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்லிக்கொள்கிறேன். எங்கள் பக்கத்தில் வேண்டுதலை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று ஒரு வழக்கம் இருக்கிறதே, அதைத்தான் மிகுந்த பக்தியோடு கடைப்பிடித்தோம்.

அதிலிருந்து அவருக்கு லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தையே எங்களைக் கிளப்பிவிடுவார். பங்குனி வெயிலில் ஒரு குன்று. அதை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். பாறை காலைச் சுடும், குடிக்கத் தண்ணீர் கிடைக்காது. ஆனால் விடியற்காலையிலேயே ஏறி, வெயில் வருமுன் அடிவாரத்துப் புளியந்தோப்புக்கு இறங்கிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம். புதரில் காரைப்பழம் இருக்கும். தோப்பு நிழலில் படுத்துக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்தபடி அவர் தன் பயங்களையெல்லாம் சொன்னார். அவருக்கு இடி என்றால் பயமாம். மீசை வைத்த மனுஷன்.

மலையைத் தேர்ந்தெடுக்க எங்களுக்கு ஒரே ஒரு விதிதான். பேர் பெற்ற சாமி எதுவும் அங்கே இருக்கக் கூடாது. இருந்தால் நாங்களும் வருகிறோம் என்று அத்தையும் மாமாவும் கிளம்பிவிடுவார்கள். இந்த விதியை மறந்து ஒரு தடவை சோளிங்கருக்குப் போகலாம் என்று அவர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். நாலு பேரும் போனோம். அத்தைக்கும் மாமாவுக்கும் டோலி வைத்தோம். அவர் டோலிக்குப் பக்கத்தில் நடந்தார், நான் டோலிக்குப் பின்னால் நடந்தேன். நல்ல தரிசனம். அந்த ஞாயிற்றுக்கிழமை போனது போனதுதான் என்று எனக்கு அழுகையே வந்தது. அத்தை அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்.

மாமா மட்டும் இடையிடையே முணுமுணுப்பார். பர்மாவிலிருந்து ஜனங்கள் உயிருக்குப் பயந்து காடு மலையெல்லாம் நடந்து வந்து சேருகிற காலத்தில், ரயில் பாஸ் வைத்திருக்கிறவன் நடப்பானா என்பது அவர் கேள்வி. அத்தை அவரை அடக்கிவிடுவார்.

ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் ஊரில் இருக்கக் கூடாது, அல்லது எங்கள் ஊர் மலைக்கு எதிரே உட்கார்ந்து பார்க்க வேண்டும். பூக்காவடிகள் படியில் ஏறுவது எதிர்க் குன்றிலிருந்து பார்த்தால் மஞ்சள் கரை போட்ட புடவையை யாரோ மெல்ல உதறுகிற மாதிரி இருக்கும். இதை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். கிருத்திகைக்கு வீட்டில் வந்து இறங்கிய உறவுக் கூட்டத்துக்கு மருமகள் வடிக்க வேண்டிய சோறு அவ்வளவு. அன்றைக்கும் இரண்டு மணி நேரம் என்னை விட்டது அத்தைதான், வேண்டுதல் தடைப்படக் கூடாதாம். சீத்தாப்பழக் காலத்தில் போனால் பழத்துக்காகவே போகலாம். மலைச்சரிவு பூராவும் அதுதான். வாய் நிறையக் கொட்டையை வைத்துக்கொண்டு பேசினார், எனக்குப் பாதி புரியவில்லை, ஆனாலும் ஆமாம் போட்டேன்.

இருப்பதிலேயே நல்லது மழை விட்ட பிறகு போவதுதான். புத்தூர்ப் பக்கம் மலை மடிப்புகளுக்குள் அருவிகள் உண்டு, கோனை என்பார்கள். காலை வண்டியில் போய் இறங்கி, கேட்கிறவர்களிடமெல்லாம் தெலுங்கில் பதில் சொல்லிக்கொண்டே நடக்க வேண்டும். ஓடையைத் தாண்டுகிற இடத்தில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். தாண்டி முடிந்தும் விடவில்லை. எதிரே வந்த ஒரு தெலுங்குக் கிழவர் எங்களைப் பார்த்துவிட்டு, அந்தப் பெண்ணுக்குக் கண் தெரியாதா பாவம் என்று விசாரித்தார். தெரியாது என்று என் வீட்டுக்காரர் சொன்னார். நானும் அருவி வரைக்கும் கண் தெரியாதவளாகவே நடந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறு ஏதாவது உண்டா என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். கிடைக்கவில்லை.

அடுத்த மார்கழியில் நான் முழுகாமல் இருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது. பெண்களுக்கு இதைப்போல நல்ல சேதி கிடையாது என்பார்கள். எனக்கு முதலில் தோன்றியது இனிமேல் மலை கிடையாது என்பதுதான். வேண்டியது கிடைத்துவிட்ட பிறகு எதற்கு ஏறுவது? அத்தையிடம் சொல்லாமல் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை தள்ளினேன். மொட்டைக் குன்றின் உச்சியில் அவரிடம் சொன்னேன். அவர் முகம் முதலில் வாடியது, பிறகுதான் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் என் முகமும் அதே மாதிரிதானே போயிருக்கிறது என்று நினைத்து விட்டுவிட்டேன். இறங்கும்போது முட்டையைக் கொண்டு போகிற மாதிரி என்னை இறக்கிக்கொண்டு வந்தார்.

அத்தையின் வெற்றியைச் சொல்லி முடியாது. தெருத் தெருவாகப் போனார். மொட்டைக் குன்றுக்கு ஒரே நாளில் பேர் வந்துவிட்டது. நாங்கள் தேங்காய் உடைத்த பாறைக்கு யாரோ மஞ்சள் பூசினார்கள், யாரோ துணி கட்டினார்கள். குழந்தை இல்லாத ஜோடிகள் அம்மையார்குப்பத்திலிருந்தெல்லாம் வந்தார்கள். அவர்களும் மேலே போய்ப் பேசிக்கொண்டிருந்தார்களா, அல்லது நிஜமாகவே வேண்டிக்கொண்டுதான் வந்தார்களா என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப ஆசை. கேட்டால் வெளியே சொல்லக் கூடாது என்பார்கள்.

மணவூரில் பிரசவம் ஆகி, பெண் குழந்தையோடு திரும்பி வந்தேன். அவர் காலை வண்டிக்குப் போனார், சாயங்கால வண்டிக்கு வந்தார். நடுவில் ஒரு முன்னேற்றம் இருந்தது. குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு, உங்கம்மாவுக்குத் தலைவலி விட்டுச்சான்னு கேளு என்று அதனிடம் சொல்வார். நான் அதைக் கையில் வாங்கும்போது, விட்டுடுச்சுன்னு சொல்லு என்பேன். பேச்சு வராத குழந்தை எங்கள் இரண்டு பேர் பேச்சையும் சுமந்தது. மலைச்சரிவில் அவ்வளவு பேசிய மனுஷன் இப்படிச் சுற்றி வளைத்துப் பேசுவதைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. இவர் அங்கே இருந்தவர்தானா, நான்தான் ஏதாவது கனவு கண்டேனா என்று கூடச் சந்தேகம் வந்துவிட்டது.

குழந்தை தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கிணற்றடியில் அவர் முகம் பார்க்கிற கண்ணாடியைச் சுவரில் மாட்டிச் சவரம் பண்ணிக்கொண்டிருந்தார். மாமா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அத்தை ஒரு தேங்காயைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்.

"அந்த மலை பொண்ணு குடுத்துச்சு, சரி. இன்னொரு தபா போயி பையனா கேட்டுகினு வாங்க."

தேங்காயைப் பார்த்தேன், இடுப்பில் இருந்த என் மகளைப் பார்த்தேன். இவள் போதாதென்று சொல்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதே நேரத்தில் குன்று, ஏரிக்கரை, ஓடை எல்லாம் கண்ணில் வந்து நின்றன. ஒரு தரம் தலையை ஆட்டினால் போதும், இன்னும் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ ஞாயிற்றுக்கிழமைகள் என்னுடையவை. சரிங்க அத்தை என்று சொல்ல வாயெடுத்தேன். என் மகள் காதில் விழுந்தாலும் அவளுக்குப் புரியப் போவதில்லை என்று சமாதானமும் பண்ணிக்கொண்டேன்.

அவர் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு திரும்பினார்.

"எங்களுக்கு இந்தப் பொண்ணே போதும்மா. நாங்க அங்க எதையும் வேண்டிக்கல. சும்மா பாக்கறதுக்குப் போனோம். பேசிகினு இருக்கறதுக்குப் போனோம்."

மாமா பேப்பரைக் கீழே இறக்கினார். யார்கூடப் பேச என்று கேட்டார்.

"இவகூடதான் நைனா."

கத்தி இன்னும் கையில்தான் இருந்தது. இடிக்குப் பயப்படுகிற மனுஷன் அவர் அம்மாவுக்கு எதிரில், பகலில், என்னைக் கையால் காட்டி இதைச் சொன்னார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. ஒரு வருஷத்துக்கு மேல் ஊமையாக இருந்துவிட்டு, கதவு திறக்கிற நேரம் பார்த்தா இந்த மனுஷன் உண்மையைப் பேச வேண்டும்? இனி மலையும் போச்சு, மரியாதையும் போச்சு. அவர் மேல் அவ்வளவு ஆசை பொங்கியதும் அந்த நிமிஷத்தில்தான். இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன பண்ணுவது என்று தெரியாமல் குழந்தையை இறுக்கிக்கொண்டேன், அது அழுதது.

அத்தை கோபிக்கவில்லை. பயந்துபோய் நின்றார். பெற்ற பிள்ளை சாமி இல்லாத மலைக்குச் சும்மா பார்ப்பதற்காகப் போனேன் என்கிறான், பெண்டாட்டியோடு பேசுவதற்காகப் போனேன் என்கிறான். இதற்கு அர்த்தம் ஒன்றே ஒன்றுதான். மலையில் காத்து கருப்பு அடித்துவிட்டது. அன்றைக்கே அவரைப் பிடித்துக்கொண்டு போய் மசூதி வாசலில் மந்திரிக்கிற பெரியவரிடம் உட்கார வைத்தார். அவர் ஓதி, தண்ணீர் தெளித்து, புஜத்தில் ஒரு தாயத்தும் கட்டிவிட்டார். இனிமேல் மலைப்பக்கம் விடாதீர்கள் என்றாராம். இன்னொன்றும் சொன்னாராம். பிள்ளை பேசினால் தடுக்காதீர்கள், பேச்சை உள்ளே அடக்கினால் தலைக்கு ஏறிவிடும், எதிர்த்துப் பேசாமல் பதில் சொல்லிக்கொண்டே இருந்தால் தானாக இறங்கிவிடும் என்றாராம்.

மறுநாள் என் வீட்டுக்காரர் சாயங்கால வண்டியில் வந்தார். கை கால் கழுவினார். வழக்கம்போலக் குழந்தையைத் தூக்கவில்லை. நான் ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு எதிரே தரையில் வந்து உட்கார்ந்தார். கூடத்தில் மாமா இருந்தார். அடுப்பங்கரை வாசலில் அத்தை நின்றார்.

"காலையிலேருந்து உனக்குக் கை வலிக்கலையா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

பழக்கத்தில் அத்தை முகத்தைத்தான் பார்த்தேன்.

"என்னை இன்னா பாத்துகினு இருக்கே," என்றார் அத்தை. "அவன் கேக்கறான் இல்ல, பதில் சொல்லு."

கல்லிலிருந்து கையை எடுத்து மாவை வழித்துவிட்டு, கொஞ்சம் வலிக்குதுங்க என்றேன்.